சுருதி சேராத ஒரு சொல்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் பேருந்தில் என்னருகே அமர்ந்தவர், சித்திரை வெயிலிலும் கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றியிருந்தார். திருமண வரவேற்புகளில் சல்சா தாளத்தில் காதற்பாடல் பாடுவது அவர் தொழில். குரலைக் காக்கும் பொருட்டு மேடைக்கு வெளியே சைகையே மொழி. நடத்துநரிடம்கூட இடக்காலைத் தூக்கிக் காட்டியே சிதம்பரத்துக்குச் சீட்டு வாங்கினார்!

வீட்டிலும் இதே வழக்கமாம். மனம் வெறுத்த மனைவி சிதம்பரத்திலுள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டார். "கூட்டிட்டு வரத்தான் போறேன் ஐயா. பாட்டு ஒண்ணு ரெடி பண்ணியிருக்கேன்" என்று எனக்கு மட்டும் கிசுகிசுத்தார். பின்னர்க் கைப்பேசியில் மனைவியை அழைத்து முழுக்குரலில் பாடினார். பேருந்தே மயங்கிற்று.

மறுமுனைக் குரல் எனக்கும் கேட்டது: "இதத்தான் ஊரான் கல்யாணத்துல எல்லாம் பாடுறியே மாமா! பாட்டு வேணாம். சாப்ட்டியான்னு ஒரு வார்த்த கேளு, வர்றேன்."

அவர் கைப்பேசியைப் பொத்திக்கொண்டு என்னிடம் கேட்டார்: "அத எந்தச் சுருதியில கேக்கறது ஐயா?"

யாப்பு முழுதும் கற்ற நானும் விரல்விட்டு அசை எண்ணிப் பார்த்தேன்.

கம்பளித் துண்டை அவிழ்த்தார். "சாப்ட்டியா?" என்றார், கரகரத்த குரலில். மறுமுனையில் சிரிப்பு எழுந்தது.

அவர் பாடிய பாட்டு எனக்கு நினைவில்லை. சுருதி சேராத அச்சொல் மட்டும் இன்றும் செவியில் நிற்கிறது.