காதறுக்க வந்தவர்

சில வருடங்களுக்கு முன், கிள்ளானில் வெள்ளம் வடிந்த மறுநாள் நடந்தது இது. எங்கள் வீடு செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பள்ளத்தில் இருக்கிறது. நானும் வீட்டுக்காரரும் நான்கு கறவை மாடுகளை வைத்து, வீடு வீடாகப் பால் ஊற்றிப் பிழைத்து வந்தோம். வெள்ளம் ஏறியபோது எங்களைப் படகில் ஏற்றியவர்கள் மாடுகளுக்கு இடமில்லை என்றார்கள். கயிற்றை அவிழ்த்துவிட்டு வந்தோம். திரும்பிப் போனபோது ஒன்றுதான் உயிரோடு நின்றது.

செத்த மூன்றையும் அப்படியே குழியில் தள்ள எனக்கு மனசு வரவில்லை. லட்சுமி என்று கும்பிட்டு வளர்த்த மாடுகள். மஞ்சள் தண்ணீர் ஊற்றி, குங்குமம் வைத்து, என் புடவைகளைப் போர்த்தினேன். பக்கத்தில் ரோடு வேலையில் இருந்த மண் தோண்டும் மெஷின்காரரைக் கூப்பிட்டோம். அவர் குழி தோண்டி முடித்துவிட்டு, அரசாங்க நம்பர் போட்ட மஞ்சள் டேக் தொங்கிய ஒரு மாட்டின் காதருகே கத்தியோடு குனிந்தார்.

"இந்த டேக்க மட்டும் அறுத்துக்கறேன்க்கா, அப்புறம்…"

எங்கே முடிக்க விட்டேன்? "செத்தும் அது காத அறுக்கணுமா? நீயெல்லாம் மனுசனா?" என்று ஊரே கேட்கக் கத்தினேன். அவர் கத்தியை மடக்கிக்கொண்டார். நான் அழுதபடி வீட்டுக்குள் போக, வீட்டுக்காரரும் என்னைத் தேற்றப் பின்னாலேயே வந்துவிட்டார்.

மாடு இழந்தவர்களுக்கு அரசாங்கம் உதவித்தொகை தருகிறது என்று பிறகுதான் தெரிந்தது. ஃபாரம், போலீஸ் ரிப்போர்ட் எல்லாம் கால்நடை ஆபீசுக்குக் கொண்டுபோனோம். "செத்த மாட்டு போட்டோ, இல்லன்னா காதுல இருந்த டேக், ஏதாச்சும் ஒண்ணு வேணும்லா ஆன்டி" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். போட்டோ எடுக்கிற நினைப்பு அன்று யாருக்கு இருந்தது? டேக்கோ மண்ணுக்குள். அந்தப் பணம் வராவிட்டால் இன்னொரு மாடு வாங்க வழியில்லை. ஒற்றை மாட்டுப் பாலை வைத்து எத்தனை வீட்டுக்கு ஊற்றுவது? வாடிக்கைகள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தன. நான்காவது தடவையும் அதே பதிலோடு திரும்பிய அன்று, "குழியத் தோண்டி டேக்க எடுத்துடலாம்" என்றார் வீட்டுக்காரர். சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை. சரி என்றேன்.

மெஷின்காரர் பூச்சோங்கில் வேலை செய்வதாகச் சொன்னார்கள். திட்டிய வாயால் எப்படிக் கேட்பது என்று கூசிக்கொண்டே போய் நின்றேன்.

"தோண்ட வேணாம்க்கா" என்றவர், சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து நீட்டினார். சுத்தமாகக் கழுவிய மூன்று மஞ்சள் டேக்குகள். "நீங்க உள்ள போனதும் எடுத்துட்டேன். எங்க ஆடுங்க வெள்ளத்துல போனப்ப நாங்களும் அப்படியே பொதச்சிட்டோம், உதவிப் பணம் ஒண்ணுமே கெடைக்கல. இத குடுக்கலாம்னு ரெண்டு தடவ வந்தேன். வீடு பூட்டிக் கெடந்துச்சு."

அந்த நேரத்தில் நாங்கள் கவுண்டர் முன்னால் நம்பர் எடுத்து உட்கார்ந்திருப்போம்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால் அழுகைதான் வந்தது. "விடுங்கக்கா, மாடு போன வயித்தெரிச்சல்" என்று சொல்லிவிட்டு அவர் மெஷினில் ஏறிக்கொண்டார்.

பல மாதம் கழித்துப் பணம் வந்தது. மேலே கொஞ்சம் போட்டு ஒரு பசு வாங்கினோம். விடியற்காலையில் கறக்க உட்காரும்போது, அதன் காதில் ஆடுகிற மஞ்சள் டேக்கைப் பார்த்தால், அந்த மனுசனைப் பார்த்து "நீயெல்லாம் மனுசனா" என்று கேட்ட என் குரல் இன்றைக்கும் என்னைக் கூசிப்போக வைக்கிறது.