என் கடைவாய்ப் பல்லில் இருந்த சீனி

1943-ஆம் ஆண்டு தீபாவளியை ஒட்டி நடந்தது இது. இடம், ஈப்போவுக்குத் தெற்கே கம்பார் சாலையோரம் இருந்த ஒரு ரப்பர் தோட்டம். எனக்கு அப்போது ஏழு வயது. குடும்பத்தில் நடப்பதையெல்லாம் தேதி போட்டு எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. இதை மட்டும் இத்தனை காலம் எழுதாமல் விட்டிருந்தேன். ஆண்டைப் பற்றிச் சந்தேகம் இல்லை. எங்கள் தோட்டத்து ஆண்களை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனது அந்த ஆண்டுதான். அடுத்த தீபாவளிக்கு எங்கள் வீட்டிலும் சீனி இல்லை.

ஆம், 1943 தீபாவளிக்கு எங்கள் வீட்டில் சீனி இருந்தது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் எல்லாரும் மரவள்ளிக்கிழங்கைத் தின்று நாளை ஓட்டிக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டு அரிசிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின் நிறையச் சீனி இருந்தது. அப்பா தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கர். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பங்களாவில் ஜப்பானிய மேனேஜர் ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். சயாமில் நல்ல சாப்பாடு கிடைக்கும், சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று அவர் சொன்னதைப் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று தமிழில் எடுத்துச் சொன்னவர் அப்பா. அதற்குப் பிறகுதான் பங்களாவிலிருந்து டின் வர ஆரம்பித்தது. ஏழு வயதில் எனக்கு இந்த இரண்டுக்கும் முடிச்சுப் போடத் தெரியவில்லை. பின்னாளில், ஆயிரக்கணக்கானோர் செத்துப்போன அந்த ரயில் பாதையைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்து, மாதங்களை ஒட்டிப் பார்த்தபோதுதான் எது முன்னே, எது பின்னே என்று விளங்கியது.

வெளியே தெரிந்தால் இரண்டு பக்கமும் ஆபத்து. பங்களாச் சீனி கிராணிக்குப் போகிறது என்று லயம் பேசும். சீனி பதுக்கியதாக எவனாவது போய்ச் சொன்னால் ஜப்பான்காரன் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லி மீள முடியாது. அதனால் அம்மா கதவைச் சாத்திக்கொண்டுதான் தேங்காய் மிட்டாய் கிண்டுவார். பாகு மணம் வெளியே போகாமல் இருக்க, அடுப்பில் ஒரு காய்ந்த மிளகாயைப் போட்டுக் கருக்குவார். தெருவில் போகிறவர்கள் இருமிக்கொண்டே, "கிராணி வீட்டுல தெனமும் திருஷ்டி கழிக்கிறாங்க. இந்தப் பஞ்சத்துல யாரு கண்ணு பட்டுச்சோ!" என்று சிரித்துக்கொண்டு போவார்கள்.

மிட்டாய் தின்றுவிட்டு வெளியே போகுமுன் நான் வாய் கொப்பளிக்க வேண்டும். அம்மா குனிந்து, "ஊது பாப்பா" என்று முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தாழ்ப்பாளைத் திறப்பார். வெளியே போகாத நேரங்களில் கொப்பளிக்கச் சொல்ல யாரும் இல்லை. ராத்திரி அழாமல் தூங்கட்டும் என்று ஒரு துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ள விடுவார். காலையில் எழும்போதும் அந்த இனிப்பு பல்லோரத்தில் ஒட்டியிருக்கும். தீபாவளி வந்ததும் இன்னும் அதிகம். யாருக்கும் கொடுக்க முடியாத பலகாரம் அத்தனையும் என் ஒருத்தி வாய்க்குள் போனது.

தீபாவளிக்கு முந்தின நாள், லயத்திலிருந்து ஓர் அக்கா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். வாய் ஓயாமல் கேலி பேசுகிறவர். அவருடைய கணவரும் சயாமுக்குப் போனவர். குழந்தை கஞ்சியைக் கக்குகிறது, தாய்ப்பாலும் வற்றிவிட்டது, சீனித் தண்ணீர் கொடுத்துப் பார் என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் சொல்லியிருக்கிறார்.

"ஒரு சிட்டிகை இருந்தாலும் போதும் கிராணியம்மா. சாமிக்குன்னு எடுத்து வச்சிருந்தா அதுலேருந்து குடுங்க. சாமிக்கு நான் சொல்லிக்கிறேன்."

"சீனியா? அதக் கண்ணால பாத்தே வருசமாச்சு" என்றார் அம்மா.

நான் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன். வாயில் மிட்டாய் இருந்தது. கடித்தால் சத்தம் கேட்கும்; விழுங்கவும் முடியவில்லை. அப்படியே அசையாமல் நின்றேன், எச்சில் முகவாயில் வழிந்து சட்டையில் சொட்டும்வரை. அம்மா இரண்டு கிழங்கும் ஒரு பப்பாளிக்காயும் கொடுத்தனுப்பினார். அந்த அக்கா கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

தீபாவளி முடிந்த சில நாட்களில் எனக்குக் கடைவாய்ப் பல் வலி வந்தது. அதற்கு முன்பும் விட்டுவிட்டு வலித்ததுண்டு. இந்த முறை கன்னம் வீங்கிக் கண் வரைக்கும் ஏறியது; காய்ச்சலும் அடித்தது. கிராம்பு வைத்தும் கேட்கவில்லை. டிரெசரிடம் காட்டலாம் என்று அம்மா அழுதார். அப்பா சம்மதிக்கவில்லை. "லயத்துல ஒரு புள்ளைக்கும் பல்லு கெடல. நம்ம புள்ள வாயத் தொறந்தா போதும், டின் எங்க இருக்குன்னு கேப்பான்" என்றார். எனக்குப் பொன்னுக்கு வீங்கி என்று வெளியே சொல்லிவிட்டார்கள். அது தொற்றும் என்பதால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பொய் பொருந்துவதற்காக வாசலில் வேப்பிலை செருகினார்கள். பொன்னுக்கு வீங்கிக்குக் கழுத்தில் தங்கம் போடுவது வழக்கமல்லவா? அம்மா தன் சங்கிலியைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டார்.

யாரும் வரவில்லை, அந்த அக்காவைத் தவிர. குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அரைத்த வேப்பிலை மஞ்சளை ஒரு சிரட்டையில் எடுத்துக்கொண்டு வந்தார். அம்மா தடுப்பதற்குள் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குச் சின்னதுலயே வந்து போயிருச்சி, மறுபடி வராது. நீங்க தனியா என்ன செய்வீங்க? இங்க திரும்பு பாப்பா. அடேயப்பா, சங்கிலியப் பாரு, கல்யாணப் பொண்ணு மாதிரி லா!"

நான் சிரித்துவிட்டேன். வலியில் வாய் கோணிக்கொண்டு திறந்தது. அவர் என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பார்த்தார். ஒரு பல் மட்டும் இல்லை, வரிசையே கறுத்துக் குழி விழுந்திருந்தது. ஈறில் சீழ்க்கட்டி.

"இது பொன்னுக்கு வீங்கி இல்ல கிராணியம்மா" என்றார், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல். "எங்க புள்ளைங்களுக்குப் பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கடிக்கத்தான் ஒண்ணும் இல்ல."

அக்கா எழுந்து சிரட்டையை ஓரமாக வைத்தார். இப்படியே விட்டால் சீழ் தலைக்கு ஏறிவிடும், இன்றைக்கே ஈப்போவுக்குப் போக வேண்டும் என்றார். அங்கே பல் பிடுங்கும் சீனர் ஒருவரை அவருக்குத் தெரியும்.

"நீங்க வரவேணாம். எம் புள்ளைன்னு சொல்லிக்கிறேன். என் கைக்குழந்தைய இங்க கொண்டாந்து விடுறேன், பாத்துக்கங்க." பிறகு என் கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றி அம்மா கையில் வைத்தார். "இதோட போனா யாரு நம்புவா?"

பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸில் அவர் மடியில் படுத்துக்கொண்டு போனேன். ஈப்போக் கடைத்தெருவில், குறுகலான ஒரு கடையின் முன்பகுதியில் பல் பிடுங்குகிறவர் நாற்காலி போட்டிருந்தார். பெஞ்சில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். அவர் என் வாயைத் திறந்து பார்த்ததும், "கூலா!" என்று கத்தினார். மலாயில் சீனிக்கு அதுதான் பெயர். உடைந்த மலாயில் அக்காவைத் திட்ட ஆரம்பித்தார். ஊரில் பிள்ளைகள் கஞ்சிக்கு அழுகின்றன, நீ பெருநாள் என்று சீனியாகத் திணித்து இதன் வாயையே கெடுத்துவிட்டாயே, நீயும் ஒரு தாயா, தின்னக் கொடுத்தவளுக்கு வாய் கழுவிவிடத் தெரியாதா என்றெல்லாம். பெஞ்சில் இருந்தவர்கள் அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் மட்டும் மெதுவாக, எங்கே கிடைத்தது, எனக்கும் கிடைக்குமா என்று கேட்டான்.

அந்த அக்காவின் சேலை இரண்டு இடங்களில் கோணிச் சரடால் தைக்கப்பட்டிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சொந்தக் குழந்தைக்கு ஒரு சிட்டிகை கேட்டுக் கிடைக்காமல் போனவர், "தீபாவளி லா, தவுக்கே. புள்ள கேட்டுச்சி, குடுத்துட்டேன். தப்புதான்" என்று அவரும் மலாயில் சொன்னார். தவுக்கே என்றால் முதலாளி.

நான் அவர் கையைப் பிடித்திருந்தேன். எல்லாம் எனக்குப் புரிந்தது. ஏழு வயது, புரியாத வயது இல்லை. பேச வாயைத் திறந்தேன், குறடு உள்ளே வந்தது. பிறகு அந்தச் சீனர் பஞ்சு வைத்து அடைத்துவிட்டார். பஞ்சு இல்லாமல் இருந்திருந்தால் பேசியிருப்பேனா என்று பல முறை யோசித்திருக்கிறேன். பேசியிருக்க மாட்டேன். ஊர் முன்னால் வாயை மூடிக்கொள்ள எனக்கு நன்றாகவே பழக்கியிருந்தார்கள்.

நாங்கள் திரும்பியபோது கைக்குழந்தை எங்கள் வீட்டுத் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. அக்கா குனிந்து குழந்தையின் உதட்டோரத்தில் காய்ந்திருந்ததை விரலால் துடைத்தார். அந்த விரலைத் தன் நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, சமையலறைப் பக்கம் பார்த்துச் சொன்னார்:

"நாளைக்கும் கொண்டாரேன் கிராணியம்மா."

கொண்டுவந்தார். டின் காலியாகும்வரை தினமும் கொண்டுவந்தார். கேலிப் பேச்சு மட்டும் எங்கள் வாசலோடு நின்றுபோனது. குழந்தை தேறியது. அதன் அப்பா சயாமிலிருந்து திரும்பவில்லை. சண்டை முடிந்ததும் எங்களுக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றல் வந்தது. அந்த அக்காவை நான் பிறகு பார்க்கவே இல்லை. தேடியிருக்கலாம், தேடவில்லை.

இப்போது ஈப்போவில் மகள் வீட்டில் இருக்கிறேன். ஒவ்வொரு தீபாவளியும் முடிந்ததும் பேரப்பிள்ளைகளைப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவோம். அந்தப் பெண் டாக்டர் நல்லவர், ஆனால் கண்டிப்பானவர். பிள்ளைகளின் வாயைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இவ்வளவு இனிப்புக் குடுத்தது?" என்று என் மகள் பக்கம் திரும்புவார். மகள் வாயைத் திறக்குமுன், நான்தான் கொடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். பாதி நேரம் அது பொய். "ஏம்மா பழியத் தலையில போட்டுக்கிறீங்க?" என்று மகள் காரில் கோபித்துக்கொள்வாள். அவளிடம் இதுவரை நான் இதைச் சொன்னதில்லை. ஈப்போவில் ஒரு பல் நாற்காலிக்குப் பக்கத்தில் எனக்காக வேறொருத்தி வாங்கிக்கொண்ட திட்டை, எத்தனை டாக்டர்களிடம் கேட்டு வாங்கினாலும், அந்த அக்காவின் தலையிலிருந்து என்னால் இறக்க முடியவில்லை.