அடிப்பெட்டி இல்லாத கப்பல்

1. ஆறு கப்பல்கள்

நோட்டு வாங்கச் சென்னைக்குப் போன எங்கள் முதலாளி, நோட்டோடு ஆறு கப்பலும் வாங்கி வந்தார். தொண்ணூறுகளின் கடைசி அது. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஸ்டேஷனரி கடை, கவுண்டரில் நான். கம்மாயில் நாலு நாள் தண்ணீர் நின்றாலே வேடிக்கை பார்க்கப் போகிற ஊரில் கப்பலை யார் வாங்குவார்கள் என்று எனக்குச் சிரிப்பு. பொம்மைக் கப்பல்தான். அதையும் முழுசாகத் தராமல் துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு, நீயே ஒட்டிக்கொள் என்று விற்கிறார்கள்.

"விக்கும்யா. நீ மொதல்ல அதப் படி" என்றார் முதலாளி.

படித்தேன். உள்ளே இருந்த இங்கிலீஷ் தாளை டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு படித்தேன். இப்படித் துண்டாக வருகிற பெட்டிக்குப் பேர் 'கிட்'. கப்பல் கிட்டில் இரண்டு வகை. ஒன்று முழுக் கப்பல். இன்னொன்றில் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தெரிகிற கப்பல் மட்டும்தான் இருக்கும். அடி தட்டை. மேஜைமேல் வைத்தால் கடலில் மிதக்கிற மாதிரி தெரியும், துண்டுகளும் குறைவு. நான் எனக்குள்ளே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்: முதல் முதலாக ஒட்டுகிற ஆளுக்கு அடி தட்டையானதுதான். எதற்கு வாங்குகிறார்கள் என்று கேட்கிற பழக்கமெல்லாம் அப்போது எனக்கு இல்லை.

முதல் கிராக்கி, முதலாளி எதிர்பார்த்த டாக்டர் வீட்டு ஆள் இல்லை. பக்கத்து ஊர் இடைசெவல் பேச்சியம்மாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் ஆட்டுக் கிடையோடு காடு காடாகப் போகிறவர். இந்தம்மா வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள். மகன் சுடலைமுத்து சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூம் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கப்பல் கரை பிடிக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கடைக்குப் பக்கத்து எஸ்டிடி பூத்துக்குப் போன் போடுவான்.

அந்தப் பையன் பெருமைக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறான். 'நான் வேலை பார்க்கிற இடம் தண்ணி மட்டத்துக்குக் கீழே இருக்கு' என்று. அன்றையிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. அடுத்த போனில் "வேலையை விட்டுட்டு வா" என்று சொல்வதாக இருந்தார்கள். சொன்னால் அவன் வந்துவிடுவான், அம்மா சொல் தட்டாதவன். அதற்கு முன்னால் அவன் இருக்கிற இடத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று எங்கள் ஷோகேஸ் முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

அன்றைக்கு அவர்கள் கேட்டது இவ்வளவுதான்: "அண்ணாச்சி, சரக்குக் கப்பல் ஒண்ணு வேணும்."

ஆறில் இரண்டு சரக்குக் கப்பல். பெரியது முழுசு, சின்னது அடி தட்டை. நான் சட்டப்படி சின்னதை எடுத்துக் கொடுத்து, கையைத் தட்டிவிட்டுக்கொண்டேன்.

2. புகார்

நாலாம் நாள் திரும்பி வந்தார்கள். பைக்குள்ளிருந்து எடுத்துக் கவுண்டர் கண்ணாடி மேல் வைத்ததைக் குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டுப் பசை வெளியே வரவில்லை. கிரேன் கம்பிகள்கூட நூல் பிடித்த மாதிரி நின்றன. நான் பாராட்ட வாயைத் திறக்கும் முன்னே கப்பலைக் கவிழ்த்துக் காட்டினார்கள்.

"அடிப்பெட்டி இல்லாம மேல்பெட்டிய மட்டும் குடுத்துட்டீயளே, அண்ணாச்சி. எம்புள்ள இருக்க எடத்தையே காணுமே!"

தீப்பெட்டியில் குச்சி இருக்கிற உள்பெட்டிதான் அடிப்பெட்டி. அதை அவர்கள் சொன்ன பிறகுதான் கடிதக் கதை வெளியே வந்தது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஆள் தேடி வந்தவர்களிடம் ஆள் இருக்கிற பாதியை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை விற்றிருக்கிறேன்.

பெரியதை மாற்றிக் கொடுக்கலாம் என்றால் முதலாளி குதித்தார். "ஒட்டுன சாமான திருப்பி எடுத்தா கடைய இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

"மொதலாளி, இத ஷோகேஸ்ல வைப்போம். நம்ம ரெண்டு பேரும் ஏழு ஜென்மம் ஒட்டுனாலும் இப்படி வருமா?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கப்பலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, குடுத்துத் தொலை" என்றார்.

3. சுளகு

போன் வரப்போகிற ஞாயிற்றுக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், பேச்சியம்மாள் ஒரு சுளகோடு, அதாவது முறத்தோடு, வந்தார்கள். சுளகில் கப்பல் இருந்தது. நூற்றுச் சொச்சம் துண்டாக, அளவு வாரியாக அழகாக அடுக்கியிருந்தது.

கிட்டில் துண்டுகள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் தொங்கிக்கொண்டு வரும். எது எந்த நம்பர் என்பது சட்டத்தில்தான் இருக்கும். ஒட்டுகிறபோது ஒவ்வொன்றாக வெட்டி எடுக்க வேண்டும். தீப்பெட்டி ஒட்டுகிறவர்களுக்கு அது ஒத்துவருமா? எல்லாவற்றையும் பிரித்து, அடுக்கி, அதற்குப் பிறகுதான் பசையைத் தொடுவார்கள். சின்னக் கப்பலில் துண்டு குறைவு, பார்த்தே ஒட்டிவிட்டார்கள். இதில் மாட்டிக்கொண்டார்கள்.

"சட்டம் எங்கம்மா?"

"குப்பையோட போட்டுட்டேன்."

இதைச் சொல்லாமல் விட்டதும் நான்தான். கவுண்டரில் சுளகை வைத்து, பெட்டி மேலிருந்த படத்தைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தோம். எனக்குக் கண்தான் வேலை செய்தது, அவர்களுக்கு விரல். தடவிப் பார்த்தே "இது அதுக்குள்ள போவும்" என்பார்கள், போகும். வெயில் சாய்வதற்குள் சிவப்பு அடிப்பாகமும் சாம்பல் மேல்பாகமும் ஒன்றாகிவிட்டன. நடுவில் மூடுகிற மேல்தட்டை மட்டும் ஒட்ட விடவில்லை. "அது கெடக்கட்டும். தெறந்து பாக்கணும்லா."

பிறகு, மிதக்கவிட்டுப் பார்ப்போம் என்றார்கள். நானும் மடையன் மாதிரி வாளியில் தண்ணீர் பிடித்துவந்து வைத்தேன்.

விட்டதும் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து குப்புற விழுந்தது.

பேச்சியம்மாள் கப்பலை எடுத்து முந்தானையால் துடைத்தார்கள். நாளைக்குப் போனில் என்ன சொல்லப் போகிறார்கள் என்பது அந்தத் துடைப்பிலேயே தெரிந்தது. நான் அந்த இங்கிலீஷ் தாளையும், பள்ளிக்கூடத்தில் படித்ததையும் எங்கெங்கேயோ தேடிப்பிடித்துச் சொன்னேன்: "அம்மா, இது வெறுங்கூடு. நெசக் கப்பல்ல எஞ்சின் கனம் அடியில இருக்கும். அதான் நிக்கும்."

அவர்கள் என்னை ஏறிட்டுப் பார்த்தார்கள். பிறகு பையைத் துழாவினார்கள். புருஷனுடைய கிடை ஆடுகளுக்காக அன்று பட்டறையில் நாக்கு மாட்டி வாங்கிய வெண்கல ஆட்டுமணி இரண்டு இருந்தது. "எஞ்சினு எங்கன?" என்றார்கள். பின்பக்கம், நடுவில் என்று காட்டினேன். தட்டைத் திறந்து மணிகளை அங்கே வைத்து, துணி சுற்றி அசையாமல் இறுக்கி, தட்டை மூடி, வாளியில் விட்டார்கள்.

கப்பல் கொஞ்சம் ஆடியது. நின்றது. சிவப்பு முழுக்கத் தண்ணீருக்குள்ளே, சாம்பல் மேலே. விரலால் தட்டிப் பார்த்தார்கள். சாய்ந்து சாய்ந்து எழுந்தது.

"அப்ப, கீழ கனம் இருக்கப்போயிதான் கப்பலே நிக்குதுன்னு சொல்லுதீய."

"ஆமா."

"அங்கனதான் இவன் இருக்கான்."

"ஆமாம்மா."

4. போன்

மறுநாள் ஞாயிறு, கடை அரைநாள். வேடிக்கை பார்க்கத்தான் பூத்துப் பக்கம் போனேன் என்று ஒத்துக்கொள்கிறேன். பேச்சியம்மாள் மடியில் கப்பலை வைத்துக்கொண்டு ரிசீவரைப் பிடித்திருந்தார்கள். தட்டு திறந்திருந்தது.

"ஏலே, சாப்ட்டியா? … செவப்புக்குள்ளதான இருக்க? … பாத்தேன்லே, எல்லாம் பாத்தேன். … நீ மேல ஏறி வர ஏணி எந்தப் பக்கம் இருக்கு?"

அவன் அந்தப் பக்கம் என்னவோ சொன்னான். அவர்கள் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஆட்டுமணியிலிருந்து விரலை மெல்ல மேலே நகர்த்தி, மேல்தளத்தின் பின்பக்கம் ஆள் ஏறி வருகிற ஓட்டையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"சரி, வழி இருக்கு. வேலையப் பாரு."

இவ்வளவு நீட்டி எழுதியது கவுண்டரில் நிற்கிறவர்களுக்காகத்தான். முதல் கப்பல் கிட் கேட்டு யாராவது வந்தால், எத்தனை துண்டு ஒட்டுவீர்கள் என்று ஆரம்பிக்காதீர்கள். அதற்குப் பிறகு நான் எல்லோரிடமும் முதலில் ஒன்றுதான் கேட்டேன்: "கப்பல்ல யாரும் இருக்காவளா?" பெரும்பாலும் சிரித்துக்கொண்டு இல்லை என்பார்கள். அடி தட்டையானதை எடுத்துக் கொடுத்துவிடுவேன்.