பேய் வாய்க்காலைத் தாண்டிய விவகாரம்

பாம்பு பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தால் நான் நம்புவேன். யானை பேசினாலும், செத்தவன் இடைவேளைக்குப் பிறகு எழுந்து வந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் படம் தானே ஒரு சட்டம் போட்டுவிட்டுத் தானே அதை மீறினால் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. பறக்கும் குதிரை மலையேற மூச்சு வாங்கினால், "பறக்க வேண்டியதுதானே?" என்று உரக்கக் கேட்டுவிடுவேன். முன்வரிசையில் நாலு பேர் சிரிப்பார்கள். எனக்கு ஏதோ நானே படம் எடுத்த மாதிரி பெருமையாக இருக்கும்.

என் மனைவிக்கு அதில் பெருமை இல்லை. அவளுக்கு சினிமா என்றால் உயிர். நான் சிங்கப்பூரில் வேலை பார்த்த காலம் முழுக்க, பாபநாசத்தில் வீட்டையும் வயலையும் தனியாளாகப் பார்த்துக்கொண்டவள். நான் ஊரோடு வந்த பிறகு இருவரும் சேர்ந்து தஞ்சாவூர் போய்ப் படம் பார்ப்பது என்று ஏற்பாடு. கொஞ்ச நாளிலேயே என்னைக் கழற்றிவிட்டு எதிர்வீட்டு அம்மாவோடு போக ஆரம்பித்துவிட்டாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பஸ் ஏறப் போவதை வாசலில் நின்று பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். சோறும் குழம்பும் மூடி வைத்துவிட்டுத்தான் போவாள். குழம்பில் குறை சொல்லவும் வழி இருக்காது.

சென்ற மாதம் எதிர்வீட்டு அம்மாவுக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. அவருக்காக வருத்தப்பட்டேன் என்று சொன்னால் பொய். மதிய ஆட்டத்துக்கு வண்டியை எடுத்தேன்.

"வாயத் தொறந்தீங்கன்னா அதோட சரி. அப்புறம் ஜென்மத்துக்கும் உங்களோட படத்துக்கு வரமாட்டேன்" என்றாள்.

"மூச்சு விடலாமா?"

"மெதுவா விடுங்க."

பேய்ப்படம். புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி செத்துப் பேயாகிறாள். புருஷன் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். ஓடுகிற தண்ணீரைப் பேய் தாண்ட முடியாது என்று மந்திரவாதி ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். எனக்குப் பரம திருப்தி. பாதிப் படம் அவள் இக்கரையில் நின்று, அக்கரையில் அவன் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் சமர்த்தாக இருந்தேன்.

பிறகு ஒரு காட்சி. வயல் வழியாக அவள் நடந்து வருகிறாள். அடுத்த நிமிஷம் புருஷன் வீட்டு வாசலில் நிற்கிறாள். அவன் நிமிர்ந்து பார்க்கிறான். தியேட்டரில் ஒரு சத்தம் இல்லை.

"அதெப்படி? குறுக்க வாய்க்கால் இருக்குல்ல?"

என் குரல்தான். பின்னாலிருந்து யாரோ, "யோவ், உக்காருய்யா" என்றார். அப்போதுதான் நான் எழுந்து நிற்பது எனக்கே தெரிந்தது.

படம் முடியும்வரை என் மனைவி என் பக்கம் திரும்பவில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் பார்த்தால் அழுது முகம் வீங்கியிருந்தது. நான் விடாமல், "நீயே சொல்லு, அவங்க போட்ட சட்டத்த அவங்களே மீறலாமா?" என்றேன்.

"அவ நடந்து வர்றப்ப வயல்ல என்னங்க நின்னுச்சு?"

"உளுந்து."

"உளுந்து எப்ப நிக்கும்?"

"சம்பா அறுப்புக்கு அப்புறம்." சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது. அணையை மூடியிருப்பார்கள். வாய்க்கால் காய்ந்து கிடக்கும். அதில் ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். டெல்டாவில் பிறந்து வளர்ந்தவன், உளுந்தைப் பார்த்தும் இதை யோசிக்காமல் எழுந்து நின்றிருக்கிறேன்.

"வாய்க்கால்ல தண்ணி வத்துற வரைக்கும் அந்தப் பொண்ணு அங்கயே காத்துக் கெடந்துருக்கா" என்றாள்.

நான் வண்டியைக் கிளப்பினேன். சிங்கப்பூரில் எனக்கு லீவு கோடையில்தான் கிடைக்கும். நான் ஊருக்கு வந்த போதெல்லாம் வாய்க்கால் காய்ந்துதான் கிடந்தது. அதில் தண்ணீர் ஓடிய மாதங்களை அவள் ஒருத்தியாகத்தான் பார்த்திருக்கிறாள். நான் வந்து இறங்கி, பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே ஆரம்பித்துவிடுவேன்: கதவு ஏன் இப்படி இருக்கிறது, வரப்பு ஏன் அப்படிக் கிடக்கிறது. நினைக்க நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அய்யம்பேட்டை தாண்டியதும் அவள் கை என் தோளில் விழுந்தது.

"அவ வாசல்ல வந்து நின்னப்ப, 'எப்படி வந்தே?'ன்னு அவன் ஒரு வார்த்த கேக்கல, பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அதைத்தான் நான் எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.