முன்பக்கம் மாற்றிய குளிர்காலம்

பனியில் ஓட்டுகிற ஸ்னோமொபைலைப் பிரட்டி என் காறை எலும்பை முறித்துக்கொண்டவள் நான்தான். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆளாளுக்கு வந்து எனக்குப் புத்தி சொன்னார்களே, அதைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி அது. கியூபெக்கில், லொங்குய் என்ற ஊரில் விமான உதிரிப்பாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. பக்கத்து மேசையில் இருந்த கியூபெக்காரியின் அண்ணன் ஒரு விவசாயி. அவருடைய பழைய ஸ்னோமொபைலை என் சம்பளத்தில், என் பெயரில் வாங்கினேன். பன்னிரண்டு குளிர்காலம் யன்னலுக்கு உள்ளே நின்று பனியைத் திட்டியது போதும் என்று ஆகிவிட்டிருந்தது. முதல் வருஷமே அவருடைய சோள வயலில் இடப்பக்கம் திருப்பும்போது வண்டி சாய்ந்து என் மேலே விழுந்தது. ஆறு கிழமை கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

சுகம் விசாரித்து போன் எடுத்த சனம் முழுக்க ஒரே பாட்டைத்தான் பாடியது. பெண்பிள்ளைக்கு ஏன் இந்த வேலை, வித்துத் தொலை. அதற்கு முந்திய வருஷம் என் கணவர் காரை நெடுஞ்சாலைப் பள்ளத்தில் இறக்கினார். அவரிடம் ஒருவரும் சாவியைப் பறிக்கவில்லை. கண்பட்டுவிட்டது என்றார்கள். அவர் விழுந்தால் கண்ணூறு, நான் விழுந்தால் கொழுப்பு.

கணவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தார். அடுத்த குளிர்காலம் அதே வயலில் ஒருதரம் ஓடிக் காட்ட வேண்டும். சரிவராவிட்டால் அந்த விவசாயியிடமே வண்டியை விற்றுவிட வேண்டும். வீம்புக்கு நானும் தலையாட்டினேன். விவசாயியும் திருப்பி எடுக்கத் தயாராகத்தான் இருந்தார்.

வண்டி ஏன் சாய்ந்தது என்பது எனக்குத் தெரியும். முன்னால் சக்கரத்துக்குப் பதிலாக இருக்கிற இரண்டு ஸ்கீயும் ஒன்றுக்கொன்று மிகக் கிட்ட இருந்தன. கால்களை ஒடுக்கிவைத்து நிற்கிற ஆளைத் தள்ளிவிடுவது சுலபம். அவற்றை அகட்ட வேண்டுமென்றால் ஸ்கீகளைத் தாங்குகிற கைகளை நீளமானவையாக மாற்ற வேண்டும். அதோடு ஷாக் அப்சோபர்களையும், ஹாண்டிலிலிருந்து ஸ்கீக்குப் போகிற ஸ்டியரிங் தடிகளையும் மாற்ற வேண்டும். பழைய இரும்புக் கடையொன்றில், பின்பக்கம் நொறுங்கிக் கிடந்த புதிய ரக வண்டியிலிருந்து எல்லாவற்றையும் கழற்றி எடுத்து வந்தேன்.

கர்க்லாண்டில் இருந்த எங்கள் வீட்டின் கராஜை வண்டிக்குக் கொடுத்தேன். கார் வெளியே போனது. ஒவ்வொரு காலையும் கணவர் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டுகிற சத்தம் என் காதில் விழவேண்டும் என்பதற்காகவே கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது. கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். துருப்பிடித்த பழைய போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, தலைமுடி உலர்த்துகிற மெசினால் சூடுகாட்டி, நாலு சனி ஞாயிறு மல்லுக்கட்டித்தான் கழற்றினேன். காறை எலும்பு வலித்தது. வலி ஏற ஏற எனக்கு விடாப்பிடியும் ஏறியது.

தொழிற்சாலையில் எங்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. அளவாக இறுக்கி முடிந்த நட்டில் நிறத்தால் ஒரு அடையாளம் வைப்போம். அடையாளம் இல்லாத நட் இறுகாத நட். வீட்டில் அதற்கு என் சிவப்பு நகப்பூச்சு உதவியது. கடைசிச் சனிக்கிழமை பின்னேரம் எல்லா நட்டிலும் சிவப்புப் புள்ளி வைத்தாயிற்று. இடது ஸ்டியரிங் தடியின் நுனியில் இருந்த ஒன்று மட்டும் மிச்சம். ஸ்கீகளின் நேரை இன்னொருதரம் கயிறு பிடித்துப் பார்த்துவிட்டு இறுக்கலாம் என்று அதை விரலால் மட்டும் முடுக்கி விட்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து மச்சாள் வந்தார். என் கணவரின் அக்கா. நாளைக்கு வண்டி எடுப்பதென்றால் இன்றைக்குப் பொட்டு வைக்காமல் முடியாது என்று குங்குமச் சிமிழோடு வந்திருந்தார். புது ரைஸ் குக்கருக்கே பொட்டு வைத்தவர் அவர். கராஜில் அவரை விட்டுவிட்டு நான் தேத்தண்ணீர் போட உள்ளே போனேன். திரும்பி வந்தபோது மச்சாளின் முகம் மலர்ந்திருந்தது. எனக்கு இவ்வளவு பக்தி இருக்குமென்று தான் நினைக்கவில்லை என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிரித்து வைத்தேன். பிறகு கதையும் சாப்பாடுமாக நேரம் போய்விட்டது.

காலையில் வாடகை ட்ரெயிலரில் ஏற்றுவதற்கு முன் டோர்ச் அடித்துப் பார்த்தேன். எல்லா நட்டிலும் சிவப்புப் புள்ளி இருந்தது. நானே இறுக்கிவிட்டு மறந்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

வயலில் ஐம்பது யார் தூரம் போயிருக்கமாட்டேன், ஹாண்டில் உதறத் தொடங்கியது. இடது ஸ்கீ தன்பாட்டில் ஒரு பக்கம் இழுத்தது. விசையை விட்டேன். வண்டி மெத்தென்ற பனிக்குள் புதைந்து நின்றது. நான் விழவில்லை. குனிந்து பார்த்தால் அந்த நட் பாதி கழன்று தொங்கியது. சிவப்புப் புள்ளியைத் தொட்டேன். தூளாக என் விரலில் ஒட்டியது. நான் வைக்காமல் விட்ட ஒரு பொட்டை மச்சாள் வைத்து முடித்திருக்கிறார்.

அவருடைய பெயரை எடுத்திருந்தால் நான் தப்பியிருக்கலாம். ஆனால் ஸ்பனர் போட்டுப் பார்க்காமல் நிறத்தை நம்பியது என் பிழை. என் பிழையை இன்னொருத்தர் தலையில் கட்ட எனக்கு விருப்பமில்லை.

அதற்குள் கணவரும் விவசாயியும் பனிக்குள் கால் புதையப் புதைய வந்து சேர்ந்தார்கள். விவசாயி என்னைப் பார்க்கவே இல்லை. கணவரிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். கணவர் வேலை செய்த இடத்தில் ஆங்கிலமே போதும். போன்ஜூர், மெர்சியைத் தாண்டி அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் என்னைப் பார்த்தார்.

"என்ன கேக்கிறான்?"

"வண்டியைத் தான் எடுக்கட்டோ எண்டு கேக்கிறார்."

"ஓம் எண்டு சொல்லும். இண்டைக்கே எடுக்கச் சொல்லும்."

என் வண்டியை விற்பதற்கு நானே மொழிபெயர்க்க வேண்டும். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குளிரிலும் காது சுட்டது. விவசாயியின் பக்கம் திரும்பினேன். இது விற்பனைக்கில்லை, ஒரு நட் இறுகவில்லை, பத்து நிமிஷம் தாருங்கள் என்று பிரெஞ்சில் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுக் கைகளைப் பொக்கெற்றுக்குள் விட்டுக்கொண்டார்.

"என்னவாம்?" என்றார் கணவர்.

"விக்கிறேல்லையாம்."

"ஆர் சொன்னது?"

"நான் சொன்னன்."

வாக்குக் கொடுத்தீரே என்று அவர் தொடங்கினார். ஓடிக் காட்டுவதாகத்தான் வாக்கு, நான் இன்னும் ஓடி முடிக்கவில்லை என்றேன். கருவிப்பெட்டியைத் திறந்து ஸ்பனரை எடுத்தேன். ஸ்கீ நேராக நின்றால்தான் நட்டை இறுக்கலாம். அதற்கு இன்னொரு சோடிக் கை வேண்டும்.

"இதைப் பிடியுங்கோ. அசையக்கூடாது."

அவர் கையுறையை இழுத்து மாட்டினார். பிறகு பனியில் முழங்காலில் இருந்து இரண்டு கையாலும் பிடித்தார். இறுக்கி முடியும்வரைக்கும் அவர் அசையவில்லை.

வண்டியைக் கிளப்பினேன். வயலின் ஓரத்தில் இடப்பக்கம் ஒடித்துத் திருப்பினேன். இரண்டு ஸ்கீயும் பனியைக் கவ்விப் பிடித்தன. வண்டி சாயவில்லை. கணவர் இரண்டு கையையும் உயர்த்தி, போதும், நிப்பாட்டும் என்று காட்டினார். நான் அவரைக் கடந்து இன்னொரு சுற்றுப் போனேன்.