மறுநாள் அக்கா

தேநீர்க் கோப்பையைத் தாளின் மூலையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றி, அதன் கைப்பிடிக்குள் காகிதத்தைத் திணிக்கும்போதே அவள் கண் தலைப்பை மேய்ந்துவிடும். 'ஊருக்குள் சிறுத்தை: மக்கள் பீதி.' செய்தி எந்தக் காலத்துப் பழசோ. கை நிற்காது, வாய் மட்டும் திறக்கும்.

"மறுநாள் என்னாச்சு தெரியுமா? சிறுத்தை வாடகைக்கு வீடு கேட்டு அலைஞ்சுது. தனி ஆளுக்கு வீடு தர்றதில்லன்னு எல்லாரும் கதவைச் சாத்திட்டாங்க. அது வேற, ராத்திரி வீடு திரும்ப லேட்டாகும்னு உண்மையைச் சொல்லித் தொலைச்சுது. பாவம், காட்டுக்கே போயிடுச்சு."

கண்ணாடி, பீங்கான் சாமான் விற்கும் மொத்தக் கடையின் பின்னறை அது. நீள மேசையைச் சுற்றி நின்றபடி பெண்கள் பழைய செய்தித்தாளில் சாமான்களைச் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிறார்கள். பெற்றோர் வைத்த பெயர் அவளுக்கும் ஒன்று உண்டுதான். இந்த மேசையில் அது செல்லாது. மறுநாள் அக்கா என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். ஒட்டடைக் குச்சி போன்ற உடம்பு, அச்சு மை ஏறிக் கறுத்த விரல்கள். வியர்வையைத் துடைக்கும்போது கன்னத்திலும் மை ஒட்டிக்கொள்ளும். யாராவது சுட்டிக்காட்டினால், "இன்னிக்குச் செய்தி, படிச்சுக்கோ" என்பாள்.

சொல்லும்போது அவள் சிரிப்பதில்லை. துக்கம் விசாரிக்க வந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொல்லுவாள். கேட்கிறவர்கள்தான் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தச் சிரிப்பில் உடைந்த ஜாடிகளும் உண்டு. ஒருமுறை முதலாளி கத்துவதற்காகவே உள்ளே வந்தார். 'பாலம் ஆறு மாதத்தில் தயார்: அமைச்சர் உறுதி' அப்போது அவள் கையில் இருந்தது.

"ஆறு மாசம்னு சொன்ன சொல் தவறாம பாலம் வந்து நின்னுது முதலாளி. ஆனா ஆத்துக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் வரணும்னா பாலம் வேணுமே?"

முதலாளி கத்த வந்ததை மறந்து போய்விட்டார்.

அந்த மேசைக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. யாரும் உட்கார்ந்து பேசி வைத்ததல்ல. பழைய தாள் கட்டைப் பிரிக்கும்போது கடல், கப்பல், புயல் என்று எது கண்ணில் பட்டாலும் அந்தத் தாளை உருவிக் கசக்கி, பெட்டியின் அடியில் மெத்தைபோலப் போட்டுவிடுவார்கள். அவள் கைக்கு அது போகாது. அவளும் கவனிக்காத மாதிரியே இருப்பாள். அவள் கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தார். புயலில் கப்பலைக் காணவில்லை என்று ஒருநாள் செய்தி வந்தது. தேடுகிறார்கள் என்று மறுநாள் வந்தது. அதற்கப்புறம் எந்தத் தாளிலும் எதுவும் வரவே இல்லை.

வருடங்கள் ஓடிவிட்டன. மழை பெய்தால் வீட்டில் குடம், வாளி எல்லாவற்றுக்கும் வேலை வந்துவிடும். வேறு வீடு பார் என்றால், "அவருக்குத் தெரிஞ்ச விலாசம் இது ஒண்ணுதானே" என்பாள். அந்தச் சமயத்தில் வேடிக்கைப் பேச்சு எல்லாம் எங்கேயோ போய்விடும். பார்க்கிறவருக்கு மனசு கேட்காது.

கடைச் சரக்கை ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர் மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். அவளைக் கட்டிக்கொள்ள விருப்பம் என்று முறையாக வீட்டுக்கு வந்து கேட்டார். கேட்டது யாரிடம்? அவளோடு ஒரே வீட்டில் இருக்கும், காணாமல்போன அந்தக் கணவரின் சொந்த அக்காவிடம். அந்த அம்மாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு சம்மதம் சொல்லிவிட்டாள். இவள்தான் வாய் திறக்கவில்லை. ஓட்டுநருக்கோ வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. அவர் கிளம்பும் நாளும் வந்தது. அன்றைக்கு ஏற்றுவதுதான் அவருடைய கடைசிச் சரக்கு.

"ஊர்ல இருக்கிற செய்திக்கெல்லாம் மறுநாள் சொல்ற. என் தம்பிக்கு மட்டும் சொல்ல மாட்டேங்கிறியே" என்று அன்று காலை நாத்தனார் அழுதிருக்கிறாள்.

"நான் சொல்லிட்டா அது முடிஞ்சிரும் அண்ணி" என்று சொல்லிவிட்டு வேலைக்கு வந்துவிட்டாள் இவள்.

அன்று மேசையில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி இருந்தாள். வழக்கத்தை அவளுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. யாரோ வீட்டைக் காலி செய்ததில் வந்த கட்டைப் பிரித்தவள், ஒரு தாளை எடுத்து உற்சாகமாக உரக்கப் படித்தாள்: "சரக்குக் கப்பல் மாயம்: தேடும் பணி தீவிரம். அக்கா, மறுநாள் என்னாச்சுக்கா?"

பக்கத்தில் நின்றவள் தாளைப் பிடுங்கக் கை நீட்டினாள். அதற்குள் மறுநாள் அக்கா அதை வாங்கிவிட்டாள். கப்பலின் பெயரை விரலால் தொட்டுப் படித்தாள். அதே கப்பல்தான்.

"மறுநாளும் தேடினாங்க" என்றாள். எப்போதும் கதை சொல்கிற அதே முகம். "அதுக்கு மறுநாளும் தேடினாங்க. அப்புறம் நிறுத்திட்டாங்க. நிறுத்தினதைப் பேப்பர்ல போடல. அதுல சமையல்காரர் ஒருத்தர் இருந்தாரு. ரொம்பப் பொறுப்பான ஆளு. அவ்வளவு ஆட்டத்துலயும் அடுப்பை அணைச்சாச்சான்னு பார்க்க உள்ள போயிருப்பாரு."

தாளை மேசையில் விரித்து நீவினாள்.

"அவரு இனிமே வரமாட்டாரு."

புதுப்பெண்ணுக்கு அப்போதுதான் விளங்கியது. "ஐயோ, அக்கா" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றவர்கள் அழுதார்கள். இவள் அந்தத் தாளைக் கசக்கவில்லை, மடித்து இடுப்பில் செருகவுமில்லை. ஒரு பால் குவளையை அதில் வைத்து, மற்ற எதையும் போலவே சுற்றி, பெட்டியில் இடம் பார்த்து வைத்தாள். மூடியை ஒட்டி, உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தினாள்.

வெளியே லாரி வந்து நின்றது. ஓட்டுநர் உள்ளே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், தனியாகவே அந்தப் பெட்டியைத் தூக்கக் குனிந்தார். அவள் மேசையைச் சுற்றி வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா" என்றாள். "உங்களுக்குப் பின்னால படி இருக்கு."