சாவி என்றால் தண்ணீர்

நான் கல்லூரியில் மொழியியல் நடத்துகிறேன். ஒரு பொருளைக் குறிக்கும் ஒலியைப் பிரெஞ்சில் ‘சினிஃபியான்’ என்பார்கள், தமிழில் குறிப்பான். எந்த ஒலியும் எந்தப் பொருளையும் குறிக்கலாம், நாலு பேர் ஒத்துக்கொண்டால் போதும் என்று வகுப்பில் சொல்வேன்.

பக்கவாதம் வந்து மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்த என் கணவர், தண்ணீர் பாட்டிலைக் காட்டி, “சாவி” என்றார்.

“சாவி இல்லைங்க, தண்ணி. எங்கே, சொல்லுங்க” என்று ஒவ்வொரு முறையும் திருத்தினேன். இரண்டாம் நாள் அவர் கேட்பதையே நிறுத்திவிட்டார்.

அன்று வந்த நர்ஸ் பெண் அவருடைய காய்ந்த உதட்டைப் பார்த்தாள். நான் நடந்ததைச் சொன்னதும், “அண்ணே, எம்புட்டு சாவி வேணும்?” என்று டம்ளரை நீட்டினாள்.

“நெறைய சாவி” என்று அவர் சிரித்தார்.

நான் டம்ளரை வாங்கி, “இந்தாங்க, சாவி” என்று குடிக்க வைத்தேன். அவர் தாகத்தோடு கிடந்ததைப் பார்க்காமல் சொல்லைத் திருத்திக்கொண்டிருந்தேனே, அது இன்றும் உறுத்துகிறது.